நம்ம ஊர்ல ஏன் எதுவும் நடக்க மாட்டேங்குது? ஜெராக்ஸ் கடையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்துல ஒரு பேரூராட்சி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல என் ஜெராக்ஸ் கடை. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கே நாலு பேரு வந்து "யாரைச் சொன்ன"னு கடை முன்னாடி நிப்பாங்க. மனு அடிச்சுத் தர்றது, சிட்டா எடுத்துத் தர்றது, கரண்ட் பில் கட்டித் தர்றது, இதான் பொழப்பு. மனு அடிக்க வர்றவங்க கேக்குறது திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினஞ்சு கேள்விதான், பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன். நான் வக்கீல் இல்ல, கட்சிக்காரனும் இல்ல.

பேரூராட்சியும் பஞ்சாயத்தும் ஒண்ணுதானேணா?

இல்ல. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி இதெல்லாம் ஒரு ரயிலு, அது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் பக்கமாப் போகும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி இன்னொரு ரயிலு, அதுல கடைசிப் பெட்டி நாம. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் நகராட்சி, ஓசூர் 2019ல மாநகராட்சி ஆயிடுச்சு, பென்னாகரம் பாலக்கோடு காரிமங்கலம் மாரண்டஅள்ளி மாதிரி ஊரெல்லாம் பேரூராட்சி. நம்ம ஆபீஸை நடத்துறது செயல் அலுவலர், எல்லாரும் ஈ.ஓ.ம்பாங்க. தண்ணி வரலைனு பி.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல போய் நின்னா அவங்க திருப்பி அனுப்புறது நியாயம்தான்.

இதுல ஒரு கூத்தும் நடந்திருக்கு. 2004ல தமிழ்நாட்டுல 561 பேரூராட்சிய "சிறப்புக் கிராம ஊராட்சி"னு மாத்துனாங்க, 2006ல மறுபடி பேரூராட்சி ஆக்குனாங்க. எங்க வீட்டு வரி ரசீதுக் கட்டுல நடுவுல ரெண்டு வருஷம் மட்டும் சீல் வேற. சாக்கடை அதே சாக்கடைதான்.

தலைவருக்கு நாங்க ஓட்டே போடலையே, எப்படித் தலைவரானாங்க?

நீங்க போட்டது வார்டு கவுன்சிலருக்கு. 2022 பிப்ரவரி 19 ஓட்டு, 22 எண்ணிக்கை, மார்ச் 4 கவுன்சிலருங்க கூடி தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்க. 2011ல நேரடியாப் போட்டோம், அந்த ஞாபகத்துல கேக்குறீங்க. கிராம ஊராட்சித் தலைவருக்கு இன்னைக்கும் நேரடி ஓட்டுதான், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாம. நமக்குச் சின்னமும் உண்டு, மறைமுகத் தேர்தலும் உண்டு, அதனால தலைவருக்கு கவுன்சிலருங்க மனசு கோணாமப் பார்த்துக்கணுங்கிற கவலை இருக்குற அளவுக்கு நம்மளப் பத்தி இல்ல.

தலைவரு அந்த அக்காதான், ஆனா சேர்ல உக்காந்திருக்குறது அவங்க வீட்டுக்காரரு. இது சரியா?

சரியில்ல. பெண்களுக்குப் பாதி இடம்னு 2016ல சட்டம் திருத்துனாங்க, அது அந்த அக்காவுக்குக் குடுத்த இடம், வீட்டுக்காரருக்கு அங்க ஒரு வேலையும் கிடையாது. மனுவை அவரு கையில குடுத்தீங்கன்னா அது மனுவே இல்ல, சட்டைப் பையிலயே துணி துவைக்கப் போயிடும். ஆபீஸ்ல தபால் வாங்குறவங்ககிட்ட குடுத்து ரெண்டாவது காப்பில சீலும் தேதியும் வாங்குங்க. (ரெண்டு காப்பி எடுக்கச் சொல்றது என் கடை ஓடணும்னு இல்ல.)

ஒகேனக்கல் தண்ணி வந்துடுச்சுனு சொன்னாங்களே, எங்க தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருக்காதானே வருது, மீதி எங்க போகுது?

கடைல நம்பர் ஒன் கேள்வி இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2008 பிப்ரவரி 26 அடிக்கல் நாட்டுனது, ஜப்பான் கடன், மதிப்பு சுமார் 1,928 கோடி, 2013 மே 29 திறந்தாங்க. காவிரில எடுத்து சுத்தம் பண்ணி மேட்டுக்கு ஏத்தி தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் பைப்ல அனுப்புறாங்க. இதுல குடிநீர் வடிகால் வாரியத்தோட வேலை நம்ம ஊர் தரைத்தொட்டி வரைக்கும் கொண்டு வந்து விடுறது, அந்தத் தண்ணிக்கு பேரூராட்சி அளவு பார்த்துக் காசு கட்டணும். தரைத்தொட்டில இருந்து மேல் டேங்குக்கு ஏத்துறதும் தெருத்தெருவா வால்வு திறக்குறதும் பேரூராட்சி பொறுப்பு. அதனால காவிரில வெள்ளம் போற அன்னைக்கும் உங்க கொடம் காலியா இருக்கலாம், அது ரெண்டும் வேற வேற கணக்கு.

எங்க வடக்குத் தெரு டேங்கையே எடுத்துக்குங்க. ரெண்டு மோட்டார் இருந்துச்சு, ஒண்ணு எரிஞ்சு காயில் கட்டப் போச்சு, பில் பாஸ் ஆகலைனு அது பட்டறையிலயே கிடக்கு, ஒண்ணை வச்சே ஓட்டுறாங்க. முன்னாடி தண்ணி விட்டவரு ரிட்டயர்டு ஆனாரு, அந்த போஸ்டிங்குக்கு ஆள் போடல, இப்ப இருக்குறவரு தினக்கூலி, மூணு டேங்குக்கும் அவரு ஒருத்தர்தான். டி மாதிரி இருக்குற இரும்புச் சாவியை டி.வி.எஸ். ஃபிஃப்டி ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு விடியக்காலைல நாலரைக்கு சுத்துவாரு. அவங்க அம்மா செத்தப்ப மூணு நாள் ஊர்ல தண்ணி இல்ல, எந்த வால்வு எந்தத் தெருவுக்குனு வேற யாருக்கும் தெரியல. துக்கம் விசாரிக்கப் போன இடத்துலயே ஒருத்தர் "தண்ணி எப்பப்பா விடுவ"னு கேட்டாரு, நானும் பக்கத்துலதான் நின்னேன், நான் கேக்க நெனச்சதையும் அவரே கேட்டுட்டாரு.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. லைன்ல நேரா மோட்டார் வச்சு உறிஞ்சுற வீடு ஒவ்வொரு தெருவுலயும் நாலு இருக்கு. மேட்டு வீட்டுக்காரன் சின்டெக்ஸ் ரொம்பி வழியும், தெருக்கடைசில பைப்பைத் திறந்தா புஸ்ஸுனு காத்து வரும். அந்த நாலு வீட்டுல ரெண்டு வீட்டுக்காரங்க தண்ணி வரலைனு என்கிட்ட மனு அடிச்சிருக்காங்க.

போர் தண்ணி நல்லாத்தானே இருக்கு, காய்ச்சிக் குடிச்சா போதாதா?

போதாது, காய்ச்சுனா இன்னும் மோசம். நம்ம பக்கம் அடில பாறை, அதுல இருந்து ஃபுளோரைடு தண்ணில இறங்குது, ஆழமாப் போகப் போக அதிகமாகுறதும் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதும்பாங்க. கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், தண்ணி ஆவியாப் போயி ஃபுளோரைடு அப்படியே தங்கிடும். நாப்பது வயசுக்கு மேல இருக்குற எங்க ஊர்க்காரங்க சிரிச்சா பல்லுல காவிக்கோடு தெரியும், வெளியூர்ல பொண்ணு பார்க்கப் போனா வாயை மூடிக்கிட்டே பேசுவாங்க. ஒகேனக்கல் திட்டத்தோட பேருலயே "ஃபுளோரோசிஸ் பாதிப்பு தணிப்பு"னு இருக்கு, அது வந்ததே இதுக்குத்தான். ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுக்கும், ஆனா பில்டரை நேரத்துக்கு மாத்துனாத்தான். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணி, குளிக்க துவைக்க போர் தண்ணினு பிரிச்சுக்குங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா வந்தா எப்படிப் பிரிக்கிறதுனு கேட்டா, நியாயமான கேள்விதான்.

ரோட்டுல குழி, மூணு ஆபீஸ் அலைஞ்சாச்சு, யாரோடதுணா அந்த ரோடு?

முதல்ல அதைக் கண்டுபிடிங்க. சேலம் கிருஷ்ணகிரி ரோடு மாதிரி இருக்குறது தேசிய நெடுஞ்சாலை, டோல் வாங்குறவங்க பொறுப்பு. ஊர் நடுவுல போற மெயின் ரோடு பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையோடது, கிலோமீட்டர் கல்லு நட்டிருந்தா அதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம். உள்தெரு மட்டும்தான் பேரூராட்சி. பைப் போட ஒரு துறை தோண்டும், மூட வேண்டியது இன்னொரு துறை, அந்த இடைவெளிலதான் நம்ம வண்டி விழும்.

போஸ்ட்ல லைட் எரியல. ஈபி ஆபீஸ் போனா பேரூராட்சிங்கிறாங்க, அங்க போனா ஈபிங்கிறாங்க.

போஸ்ட்டும் கம்பியும் ஈபியோடது. அதுல தொங்குற லைட்டு பேரூராட்சியோடது, கரண்ட் பில்லும் அவங்கதான் கட்டணும். தெருவே இருட்டுன்னா, லோ வோல்டேஜுன்னா மின்னகம் 94987 94987 நம்பருக்குப் போடுங்க. வீட்டுல கரண்ட் இருந்து லைட் மட்டும் எரியலைன்னா பேரூராட்சி, மனுவுல போஸ்ட் நம்பர் கண்டிப்பாப் போடுங்க. "மாரியம்மன் கோயில் பக்கத்து லைட்டு"னு எழுதுனா எங்க ஊர்ல மூணு மாரியம்மன் கோயில் இருக்கு.

காலைல 6.40 டவுன் பஸ் கொரோனால நின்னது, ஏன் திரும்ப விடல?

பஸ்ஸுக்கும் பேரூராட்சிக்கும் சம்பந்தமில்ல, டெப்போ மேனேஜரைப் பார்க்கணும். ஆள் இல்ல, வண்டி இல்ல, கலெக்‌ஷன் இல்லனு மூணு பதில் ரெடியா இருக்கும். 2021 மே மாசத்துல இருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, ஆனா தனியார் பஸ்ல உண்டு, அதனால அரசு பஸ் ஒரு டிரிப் நின்னா கம்பெனிக்குப் போற பொண்ணுங்களுக்கு தினம் காசு கையை விட்டுப் போகுது. இதை மனுவுல எழுதணும்.

நாங்க ஒண்ணு பண்ணோம். மூணு நாள் காலைல ஸ்டாப்புல நின்னு நோட்டுல தலை எண்ணுனோம், 41, 38, 44. யாரு எங்க போறாங்கனும் எழுதி, காலேஜ் பசங்க, ஆஸ்பத்திரி, தக்காளி கூடைனு பிரிச்சு அந்தப் பேப்பரையே மனுவோட வச்சோம். ரெண்டு மாசத்துல பஸ் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. "பொதுமக்கள் பெரிதும் அவதி"னு எழுதுன பழைய மனு நாலும் எங்க போச்சோ.

ரயில் எப்ப வரும்?

மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு சின்ன லைன் இருந்துச்சு, 1941ல மூடிட்டாங்க. அகல ரயில் பாதைக்கு 2019 மார்ச்சுல அடிக்கல் நாட்டுனாங்க. மீதியை எம்.பி.கிட்ட கேளுங்க, என் கடைல அதுக்கு டிக்கெட் இல்ல.

ஆஸ்பத்திரிக்குப் புது பில்டிங் கட்டியாச்சு, மதியத்துக்கு மேல டாக்டரைக் காணோம், யார்கிட்ட சொல்றது?

ஆரம்ப சுகாதார நிலையம்னா மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா ஆஸ்பத்திரின்னா இணை இயக்குநர். தர்மபுரில 2008ல வந்த மெடிக்கல் காலேஜ், கிருஷ்ணகிரில 2022ல வந்தது, இது ரெண்டுக்கும் டீன். ஒருத்தர்கிட்ட குடுக்க வேண்டியதை இன்னொருத்தர்கிட்ட குடுத்தா சுத்தி வர ஒரு மாசம் போயிடும். சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்றாங்களே, மக்களைத் தேடி மருத்துவம், அது 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான், வயசானவங்களை அதுல சேர்த்து விடுங்க, ஒரு நடை மிச்சம்.

பெரிய ஆஸ்பத்திரி வர வர சின்ன ஆஸ்பத்திரில வெறும் சீட்டு எழுதி அனுப்புற வேலைதான் நடக்குதுனு எனக்குத் தோணுது. முன்னாடி எங்க ஊர்லயே பிரசவம் பார்த்தாங்க, என் தங்கச்சி பையன் இங்கதான் பொறந்தான். இப்ப கேட்டா 108 கூப்பிட்டு தர்மபுரிக்கு ஏத்தி விடுறாங்க.

எம்.எல்.ஏ.வைப் பார்த்தா எல்லாம் நடக்கும்ங்கிறாங்களே?

சிலது நடக்கும். எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. அதுல கட்டடம் கட்டலாம், நிழற்குடை போடலாம், ஹைமாஸ் லைட் நடலாம். சம்பளம் குடுக்க முடியாது, கரண்ட் பில் கட்ட முடியாது. நாலு ரோடு முக்குல நட்ட ஹைமாஸ் லைட்டு ஆறு மாசம் எரிஞ்சுச்சு, இப்ப காக்கா கூடு கட்டியிருக்கு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு டைல்ஸ் போட்டு பேரு எழுதித் திறந்தாங்க, கழுவ ஆள் போடல, ரெண்டாவது மாசம் பூட்டு.

இத்தனை வருஷம் மனு அடிச்சதுல எனக்குப் புரிஞ்சது இதான். கட்டுறதுல கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு, கான்ட்ராக்டு உண்டு. பார்த்துக்குறதுல ஒண்ணும் கிடையாது, காயில் கட்டுன மோட்டாருக்கு யாரும் கல்வெட்டு வைக்க மாட்டாங்க. அதனால யாரைப் பார்த்தாலும் "புதுசா ஒண்ணு கட்டிக் குடுங்க"னு கேக்காதீங்க. இருக்குறதுக்கு ஆள் போடுங்க, ரிப்பேர் பண்ணுங்கனு கேளுங்க. அவங்களுக்குப் பிடிக்காது.

வரி மட்டும் ஏத்துறாங்களே, அந்தக் காசு எங்க போகுது?

2022 ஏப்ரல்ல வீட்டு வரி ஏறுச்சு. நம்மள மாதிரி ஊர்ல 600 சதுர அடிக்குக் கீழ 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. அது போதாதுனு 2024ல 6 சதவீதம். அரையாண்டு ஆரம்பிச்சு முதல் மாசத்துலயே, அதாவது ஏப்ரல்லயோ அக்டோபர்லயோ கட்டிட்டா 5 சதவீதம் குறையும், அதையாவது வாங்கிக்குங்க.

வீட்டு வரியை வச்சு மட்டும் நம்ம ஆபீஸ் ஓடாது, சின்ன ஊரு, கம்பெனி இல்ல, பெரிய கடை இல்ல. மாநில நிதிக்குழு மூலமா வர்ற பங்கு, மத்திய நிதிக்குழு மானியம் இதை நம்பித்தான் இருக்கு. அது வந்ததும் முதல்ல சம்பளம், கரண்ட், தண்ணிக் கட்டணம். மிச்சத்துலதான் மோட்டார். வரி கட்டாம வீம்பு பண்ணாலும் அடி விழுறது அந்த மிச்சத்துலதான்.

கவுன்சிலருங்க சண்டை போட்டுட்டே இருக்காங்க, பேசாம ஆபீசரே ஓட்டிட்டா நல்லதுதானே?

ஓட்டிப் பார்த்தாச்சு. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தல் அறிவிப்பை ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. கிராமப்புறத்துக்கு 2019 டிசம்பர்லதான் ஓட்டு, நமக்கு 2022 பிப்ரவரி. அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி, தேர்ந்தெடுத்த ஆள் இல்லனு மத்திய மானியம் நின்னுச்சு. தண்ணி விடுறவரு ரிட்டயர்டு ஆனதும் அந்தக் காலத்துலதான், ஆள் போடச் சொல்லி சண்டை போட ஒரு கவுன்சிலர் கூட இல்ல. சுத்தி இருக்குற கிராம ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு அங்கயும் தனி அலுவலருங்க வந்தாங்க. சண்டை போடுற கவுன்சிலரையாவது டீக்கடைல புடிச்சுக் கேக்கலாம்.

எங்க கிராமத்தை உங்க பேரூராட்சில சேர்க்கப் போறதாப் பேச்சு, நூறு நாள் வேலை போயிடுமா?

போயிடும், அது கிராமப்புறத்துக்கு மட்டும்தான். வீட்டு வரியும் மாறும். "டவுன் ஆயிட்டா வசதி வரும்"னு சொல்றவங்ககிட்ட எங்க தெரு தண்ணிக் கதையை மேல போய்ப் படிக்கச் சொல்லுங்க. வேணாம்னா பேச்சா இருக்குறப்பவே கிராம சபையில தீர்மானம் போட்டு, கலெக்டருக்கு எழுத்துல ஆட்சேபம் குடுங்க, முடிஞ்சப்புறம் மறியல் பண்ணா டிராஃபிக்தான் நிக்கும்.

திங்கக்கிழமை கலெக்டர்கிட்டயே மனு குடுத்தேன், ஒண்ணும் நடக்கல, ஆனா முடிஞ்சதுனு மெசேஜ் வந்துச்சு?

கலெக்டர்கிட்ட குடுத்தாலும் முதலமைச்சர் உதவி மையம் 1100க்கு போன் போட்டாலும் அந்த மனு இறங்கி இறங்கி அதே ஈ.ஓ. மேஜைக்குத்தான் வரும். அவங்க "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது"னு ஒரு வரி எழுதுனா மேல முடிஞ்ச கணக்கு. பழைய மனு நம்பரைப் போட்டு, "இன்ன தேதில முடிஞ்சதாச் சொன்னீங்க, இன்னைக்கு நிலைமை இது"னு போட்டோவோட மறுபடி குடுங்க.

ஒரு மனுவுல ஒரு விஷயம் மட்டும் எழுதுங்க. ஒரு அம்மா தண்ணி, லைட்டு, பட்டா, முதியோர் பென்ஷன், பையனுக்கு வேலை எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல அடிக்கச் சொன்னாங்க, ரெண்டு பேப்பர் காசு எதுக்குனு. பென்ஷனுக்கு மட்டும் பதில் வந்துச்சு, மனு முடிஞ்சது.

குடிநீர் கனெக்‌ஷனுக்குத் தனியா காசு கேக்குறாங்க, குடுத்துடலாமா?

டெபாசிட், ரோடு வெட்டுற கட்டணம்னு ரசீதோட கேட்டா குடுங்க. ரசீது இல்லாம கேட்டா அது லஞ்சம். 2018ல சட்டத்தைத் திருத்துனப்புறம் குடுக்குறவனும் குற்றவாளி, கட்டாயப்படுத்தி வாங்குனாங்கன்னா ஏழு நாளைக்குள்ள புகார் பண்ணாத்தான் தப்பிக்கலாம். பேரூராட்சி கவுன்சிலருக்கு மதிப்பூதியமே 2023ல இருந்துதான், மாசம் 2,500. எலக்‌ஷன்ல ஒரு தெருவுக்குச் செலவு பண்ணது அதை விட அதிகம். அந்தச் செலவுல நம்ம வீட்டுக்கு வந்த கவரும் உண்டுங்கிறதை மறந்துட்டு நியாயம் பேசுறது எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டா வீட்டுக்கு ஆள் வருவாங்களா?

என் கடைல அடிச்சவங்க வீட்டுக்கு யாரும் வந்ததில்ல, டீக்கடைல "எதுக்குப்பா இதெல்லாம்"னு கேட்டதோட சரி. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பணும், 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா முதல் மேல்முறையீடு, அதுக்கும் மேல மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் தண்ணி விடல"னு கேட்டா பதிலே வராது, ஏன்னுங்கிறது தகவல் இல்லம்பாங்க. மோட்டார் ரிப்பேர் பதிவேட்டு நகல், தீர்மான நகல், காலிப் பணியிடப் பட்டியல்னு பேப்பரைக் கேளுங்க.

நான் பெங்களூர்ல வேலை செய்றேன், ஓட்டு மட்டும் ஊர்ல. நான் கேக்கலாமா?

ஆர்.டி.ஐ. எந்த இந்தியக் குடிமகனும் போடலாம், எங்க இருந்தும் போடலாம். ஊர்ல இருக்குற அம்மா அப்பாவுக்குச் சங்கடம் வரும்னு நெனச்சா பெங்களூர் அட்ரஸே குடுங்க. எங்க ஊர்ப் பசங்கள்ல பாதிப்பேரு அங்கதான், கட்டட வேலை, ஓட்டல், டிரைவர், ஓட்டுக்கும் பண்டிகைக்கும் வர்றாங்க.

ஒரு தம்பி வடக்குத் தெரு மோட்டார் பத்திதான் போட்டான். அங்க ரூம் மாறிட்டே இருக்கான்னு பதில் வர்றதுக்கு என் கடை அட்ரஸைக் குடுத்திருந்தான். முப்பத்தி நாலாவது நாள் கவர் வந்துச்சு, ரெண்டு பக்கம், பட்டறைக்கு அனுப்புன தேதி, பில் தொகை, எந்த மேஜைல நிக்குதுனு எல்லாம் இருக்கு. பொங்கலுக்கு வந்தப்ப எண்ணெய்க் கறை படிஞ்ச அந்தக் கவரை ஜெராக்ஸ் எடுத்து ஏழு கவுன்சிலர் வீட்டுக்குக் குடுத்துட்டுப் போனான், நான் காசு வாங்கல. மோட்டார் இன்னும் பட்டறைலதான் இருக்கு, ஆனா போன கூட்டத்துல அதைப் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு, அந்தத் தீர்மான நகலுக்கு அடுத்த பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியாச்சு.